கொலோனில் குடித்த அதே பீர் காட்பாடி மொட்டைமாடியில் ஏன் இப்படி ஆகிறது?

காட்பாடி ஜங்ஷன்:

வணக்கம் மக்களே. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஜெர்மனி போகிற பிழைப்பு. போன தடவை டுசல்டார்ஃப் கண்காட்சி முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது, ரயில் ஏறி கொலோன் போனேன். பெரிய கதீட்ரலைப் பார்த்துவிட்டு பக்கத்தில் ஒரு பழைய பீர்க்கடைக்குள் நுழைந்தால் அங்கே கோல்ஷ் என்கிற அந்த ஊர் பீர் தவிர வேறு பீரே இல்லை. நான் விவரம் தெரியாமல் டுசல்டார்ஃபில் குடித்த கறுப்பு ஆல்ட் பீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாணியம்பாடியில் பிரியாணிக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஆம்பூர் பிரியாணி இருக்கா என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை. இரண்டு ஊருக்கும் நடுவே 40 கிலோமீட்டர்தான், இந்தச் சண்டை அங்கே பரம்பரைச் சண்டையாம்.

கோல்ஷ் வருவது 200 மில்லி கிளாஸில். ஒல்லியாக, நேராக, நம் ஊர் டீ கிளாஸை இழுத்து நீட்டின மாதிரி. பரிமாறுகிறவர் நீல ஏப்ரன் கட்டியிருப்பார். கிளாஸ் காலியானால் கேட்கவே மாட்டார், புதிதை வைத்துவிட்டு கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கல்யாணப் பந்தியில் கையை நீட்டி இலையை மறைக்கிற வரைக்கும் சாம்பார் ஊற்றுகிறவர் மாதிரி. போதும் என்றால் அந்த அட்டையை எடுத்து கிளாஸ் மேல் மூட வேண்டும், அது எனக்குத் தெரியாது. எழுந்தபோது 11 கோடு. அந்த அட்டையை ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு 2 லிட்டர் வரை வரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் 330 மில்லி பாட்டில் 6 வாங்கினேன், 1,980 மில்லி, கணக்கு சரி. பீரோவில் பத்திரமாக வைத்து, சித்திரை மாதம் மச்சான் வந்த அன்று எடுத்து ஃப்ரீசரில் போட்டேன். பேச்சு சுவாரசியத்தில் மறந்து ஒரு பாட்டில் உள்ளேயே வெடித்து அம்மாவின் இட்லி மாவு டப்பா மேலெல்லாம் கண்ணாடித் தூள், அது தனிக் கதை. மிச்சம் ஐந்தை மொட்டைமாடியில் திறந்தோம். ஒன்றுமே இல்லை. ஈர அட்டைப்பெட்டியை மோந்த மாதிரி. மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு, இதுக்கா மாமா இவ்வளவு பில்டப், நம்ம கிங்ஃபிஷரே எவ்வளவோ மேல் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து குழப்பம். பீர் மாறியதா, என் நாக்கு மாறியதா? உங்கள் ஊர் பீர், வெளிநாட்டில் பிடித்த பீர், இரண்டையும் சொல்லுங்கள்.

தண்ணியில்லாத ஆறு:

பாலாற்றுக்காரனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு, வந்துவிட்டேன். 11 கோடு போட்டவர் நாக்கைப் பற்றிக் கேட்பதுதான் வேடிக்கை, பதினோராவது எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கா?

காட்பாடி ஜங்ஷன்:

யோவ், 2.2 லிட்டர்தான், நாலு மணி நேரத்தில். ஞாபகம் இருக்கிறது. கொஞ்சம்.

குடியாத்தம் லுங்கி:

ஜங்ஷன் அண்ணா, நான் சிங்கப்பூரில் ஒன்பது வருடம் ஷிப்யார்டில் இருந்தவன். எனக்குப் பிடித்தது டைகர். 1932-இல் தொடங்கிய பீர், அங்கே யாரைக் கேட்டாலும் அது தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தது டைகர் இல்லை, டைகர் குடித்த இடம். காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்தால் பீர் விற்கிற அம்மா ஒருவர் வருவார், வயது அறுபது இருக்கும், பெரிய பாட்டிலும் ஐஸ் போட்ட கிளாஸும் கொண்டுவந்து வைப்பார், பாதி காலியானதும் அவரே வந்து ஊற்றுவார். சீன அம்மா, ஆனால் "போதுமா தம்பி" என்று தமிழில் கேட்பார், அந்த இரண்டு வார்த்தைதான் அவருக்குத் தெரிந்த தமிழ்.

பீரில் ஐஸ் போட்டால் நம் ஊர் பெரிய மனிதர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த வெக்கையில் ஐஸ் இல்லாமல் கிளாஸில் பாதிக்கு மேல் வெந்நீர் ஆகிவிடும். வியட்நாமில் வேலை பார்த்த ஃபோர்மேன் ஒருவர் அங்கேயும் ஐஸ் போட்டுத்தான் குடிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஹனோயில் பியா ஹோய் என்று அன்றைக்கு அன்றைக்கே வந்து இறங்கும் லேசான பீப்பாய் பீர், நடைபாதையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு விற்பார்களாம். மறுநாளைக்கு வைக்கிற பேச்சே இல்லையாம், நம் ஊர் மீன் மாதிரி.

ஒரே கஷ்டம் விலை, அதில் வரியே பெரும்பகுதி. அப்புறம் 2013-இல் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு சட்டம் போட்டு, 2015 முதல் இரவு 10.30-க்கு மேல் கடையில் பீர் வாங்க முடியாது, அந்த மணிக்கு மேல் பொது இடத்தில் உட்கார்ந்தும் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு கெடுபிடி இன்னும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுவதே அங்கேதான். புல்தரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற பழக்கம் அதோடு முடிந்தது.

ஊருக்கு வந்த பிறகு டைகர் வாங்கிப் பார்க்கவில்லை. ஜங்ஷன் அண்ணா கதையைப் படித்த பிறகு வாங்கப் போவதும் இல்லை.

தண்ணியில்லாத ஆறு:

இலங்கைக்குப் போனவர்கள் யாராவது லயன் ஸ்டவுட் பற்றிச் சொல்லுங்களேன். கறுப்பு, 8.8 சதவீதம், கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கும். ஒரு கிளாஸுக்குப் பிறகு நான் எழுந்திருக்கவில்லை. நம் ஊர் ஸ்ட்ராங் 8 சதவீதம் என்று மார்தட்டுகிறோம், அங்கே ருசியோடு ஸ்ட்ராங் வைத்திருக்கிறார்கள்.

பாகாயம் டு டப்ளின்:

ஆண்கள் மட்டும் பேசுகிற இழை மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. நான் வேலூரில் நர்சிங் படித்து டப்ளினில் வேலைக்கு வந்தவள். வந்து ஆறு மாதம் கழித்து வார்டில் கூட வேலை செய்கிறவர்கள் இழுத்துக்கொண்டு போய் ஒரு கின்னஸ் வாங்கிக் கொடுத்தார்கள். கறுப்பாக இருக்கிறதே, தலை சுற்றி விழப்போகிறேன் என்று பயந்தேன். பிறகு பார்த்தால் 4.2 சதவீதம்தான், உங்கள் கிங்ஃபிஷர் லாகரைவிடக் குறைவு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கறுப்பே இல்லை, அடர்ந்த மாதுளை நிறம். கறுப்பு என்றால் கடுமை என்று நாம் நினைக்கிறோம், அது வறுத்த பார்லியின் நிறம், அவ்வளவுதான்.

ஊற்றுவதே ஒரு சடங்கு. முக்கால் கிளாஸ் ஊற்றி அப்படியே வைத்துவிடுவார்கள், நுரை மேலிருந்து கீழே இறங்குகிற மாதிரி கண்ணுக்குத் தெரியும், அடங்கியதும் மிச்சத்தை ஊற்றுவார்கள். 119.5 விநாடி என்று கம்பெனி கணக்கு சொல்கிறது. நைட்ரஜன் கலப்பதால் அந்த நுரை பாலாடை மாதிரி. டின்னில் வாங்கினால் உள்ளே ஒரு குட்டிப் பிளாஸ்டிக் உருண்டை இருக்கும், திறக்கும்போது அதுதான் நைட்ரஜனை விடும். காலி டின்னை ஆட்டினால் கடகட என்று சத்தம் வரும், என் பையன் அதைக் கிலுகிலுப்பை ஆக்கிவிட்டான்.

அந்த ப்ரூவரிக்கு 1759-இல் ஆர்தர் கின்னஸ் எழுதிக்கொண்ட குத்தகை எத்தனை வருடத்துக்குத் தெரியுமா? 9,000 வருடம், வருட வாடகை 45 பவுண்டு. சத்துவாச்சாரியில் என் கணவருக்கு 11 மாதத்துக்கு மேல் அக்ரிமென்ட் போட யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

இன்னொன்று. என்னோடு வேலை செய்கிற நைஜீரியக்காரப் பெண் டப்ளின் கின்னஸைத் தொடவே மாட்டாள், இது தண்ணீர் என்பாள். அவர்கள் ஊரில் 1960-களிலிருந்தே கின்னஸ் காய்ச்சுகிறார்கள், அது 7.5 சதவீதம், ஊர்த் தானியமும் சேரும். அதுதான் அசல், இங்கே இருப்பது நகல் என்று டப்ளினிலேயே நின்றுகொண்டு சொல்கிற தைரியம் அவளுக்கு.

அப்புறம் ஒரு விஷயம், இங்கேயும் கடையில் பீர் விற்பதை இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகல் 12.30-க்குத்தான் தொடங்கலாம். முதல் தடவை பார்த்தபோது ஊர் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். பகல் 12 மணிக்கு ஷட்டர் திறப்பதற்காக நிற்கிற கூட்டத்தை எத்தனை தடவை தாண்டி பஸ் ஏறியிருக்கிறேன்.

தண்ணியில்லாத ஆறு:

அக்கா, 9,000 வருடக் குத்தகையில் அட்வான்ஸ் எத்தனை மாதம்?

ஆரணி அரிசி:

பெங்களூருவில் ஒரு மைக்ரோப்ரூவரியில் காய்ச்சுகிற வேலை எனக்கு, அதனால் ஜங்ஷன் அண்ணனுக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். உங்கள் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பீரைக் கொன்றது உங்கள் பீரோ.

எங்கள் தொழிலில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. 3, 30, 300. ஃப்ரிட்ஜ் குளிரில் 300 நாளில் ஒரு பீர் எவ்வளவு கிழடாகுமோ, 22 டிகிரியில் 30 நாளில் அவ்வளவு கிழடாகும், 32 டிகிரியில் 3 நாள் போதும். துல்லியமான விஞ்ஞானம் என்று சொல்லமாட்டேன், ஆனால் போக்கு அதுதான். காட்பாடியில் சித்திரை மாதம் மூடிய பீரோவுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன அந்த ஈர அட்டை வாசனை இருக்கிறதே, அதுதான் அடையாளம். பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட துளி ஆக்சிஜன் சூட்டில் வேலை செய்தால் அந்த வாசனைதான் வரும், உலகம் முழுக்க ருசி பார்க்கிறவர்கள் அதை அட்டை என்றே சொல்வார்கள். கோல்ஷ் மாதிரி மெல்லிய பீரில் அதை மறைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. லயன் ஸ்டவுட் மாதிரி கனமான கறுப்பு பீர் என்றால் கொஞ்சம் தாங்கும்.

அடுத்த எதிரி வெயில். பீருக்குக் கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் பூவில் இருக்கிற ஒரு பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து, அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி இருக்கிறதே, அது விடுகிற நாற்றத்துக்கு நெருங்கின ஒரு கந்தக வாசனை வரும். பழுப்புக் கண்ணாடி அதைத் தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. சிலர் பச்சை பாட்டிலில் வருகிற அந்த வாசனையையே "ஃபாரின் டேஸ்ட்" என்று நினைத்து ரசிக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை, சந்தோஷமாகக் குடிக்கட்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும், நம் ஜில்லாக்காரர்களுக்குப் புரியும். செக் நாட்டில் பில்சன் ஊர்த் தண்ணீர் மிக மென்மையானது, 1842-இல் அங்கே காய்ச்சின பொன் நிற லாகர்தான் இன்று உலகம் குடிக்கிற பீர்களுக்குப் பாட்டன். டப்ளின் தண்ணீர் கடினம், சுண்ணாம்பு அதிகம், அதற்கு வறுத்த பார்லியின் புளிப்பு சரிக்கட்டுவதால் கறுப்பு பீர் நன்றாக வந்தது. இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊர்த் தண்ணீரில் ஜிப்சம், அது ஹாப்ஸ் கசப்பைத் தூக்கிக் கொடுத்தது. அந்தந்த ஊர்க்காரன் தன் தண்ணீருக்கு எது ஒத்துக்கொண்டதோ அதைக் காய்ச்சினான். இப்போது எல்லாரும் தண்ணீரை வடிகட்டி வேண்டிய உப்பைப் போட்டுக்கொள்கிறோம், நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் படிகிற வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், 200 வருடத்துக்கு முன்னால் ஆரணியில் ஒருவன் பீர் காய்ச்சியிருந்தால் கறுப்பாகத்தான் காய்ச்சியிருப்பான் என்று தோன்றும்.

தண்ணியில்லாத ஆறு:

இந்தியா பேல் ஏல் என்று பீருக்கு நம் நாட்டுப் பெயர் வைத்திருக்கிறார்களே, நம் ஊரில் அதை யாரும் குடித்ததாகத் தெரியவில்லையே.

ஆரணி அரிசி:

வெள்ளைக்காரன் அவன் ஆட்களுக்காக அனுப்பியது. மாதக்கணக்கில் கப்பல், நடுவில் வெயில், ஹாப்ஸ் நிறையப் போட்டால் கெடாமல் வரும். லண்டன் ஹாட்ஜ்சன், அப்புறம் பர்ட்டன் ஊர் கம்பெனிகள் எல்லாம் அனுப்பின. ஆனால் ஒரு ஆள் திடீரென்று கண்டுபிடித்தான் என்கிற கதையை நம்பாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஆனது. அவர்கள் போகும்போது பீரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. இப்போது பெங்களூருவில் ஐ.டி. பையன்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், பாதிப் பேர் ஒரு வாய் குடித்துவிட்டு வேப்பிலைச் சாறு மாதிரி இருக்கு, கோதுமை பீர் கொடுங்கள் என்பார்கள். அதில் வாழைப்பழ வாசனை வரும். பழம் போட்டீர்களா என்று தினம் நாலு பேர் கேட்பார்கள், போடுவதில்லை, அது ஈஸ்ட் கொடுக்கிற வாசனை.

குடியாத்தம் லுங்கி:

அரிசி தம்பி, ஒரு சந்தேகம். நம் ஊர் பீரில் கிளிசரின் கலக்கிறார்கள், பாட்டிலைத் தண்ணீருக்குள் தலைகீழாக நிறுத்தினால் கிளிசரின் தனியாகக் கீழே இறங்கும் என்று எங்கள் ரூமில் ஒருவர் செய்தே காட்டினார். கண்ணால் பார்த்தேன்.

ஆரணி அரிசி:

கண்ணால் பார்த்தது உண்மை. பார்த்தது கிளிசரின் இல்லை, பீர். காய்ச்சி முடித்த பீரில் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துவிட்டாலும் புளிக்காத மாவுச்சத்தும் புரதமும் மிச்சம் இருக்கும், அதனால் அது தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி. தண்ணீருக்குள் கவிழ்த்தால் கனமானது கீழே இறங்கத்தான் செய்யும். ஜெர்மன் பாட்டிலைக் கவிழ்த்தாலும் இறங்கும், சர்பத் பாட்டிலைக் கவிழ்த்தால் இன்னும் வேகமாக இறங்கும். எந்த கம்பெனி எதைக் கலக்கிறது என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை, அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

கலப்பது பற்றிக் கேட்டால் அரிசியைப் பற்றிக் கேளுங்கள். பார்லியோடு அரிசியும் சேர்த்தால் பீர் லேசாக, நறுக்கென்று வரும். அமெரிக்க பட்வைசரில் அரிசி உண்டு, அவர்களே லேபிளில் போடுகிறார்கள். 1516-இல் பவேரியாவில் போட்ட சட்டப்படி பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாது. அந்தக் கணக்கில் பார்த்தால் அரிசி பாவம். ஆரணிக்காரன் நான் அந்தப் பாவத்தைச் சந்தோஷமாகச் செய்கிறேன்.

மெஸ் சாப்பாடு:

நான் மூன்றாம் வருடம் இன்ஜினியரிங். காட்பாடி பக்கம் நல்ல பீர் எங்கே கிடைக்கும், யாராவது சொல்லுங்கள் அண்ணா, 20 வயது ஆகிறது.

நெறியாளர்:

தம்பி, தமிழ்நாட்டில் 21. ஒரு வருடம் பொறு, அதுவரை இழையைப் படி. மற்றவர்களுக்கும் ஒரு வரி: வண்டி எடுத்துக்கொண்டு போய்க் குடித்த கதைகளை இங்கே போட வேண்டாம், நேற்று ஒரு பதிவை எடுத்துவிட்டேன். நம் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை, ஜெர்மனியின் 50-ஐவிடக் கெடுபிடி.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் 22 வருடம் சர்வீஸ். வெளிநாடு போனதில்லை, நாட்டின் ஓரம் வரை போயிருக்கிறேன். கேன்டீன் கோட்டாவில் வராத பீர் இல்லை, எல்லாம் குடித்தாயிற்று, எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. நின்றது ஒன்றுதான், அதை நீங்கள் பீர் என்று ஒத்துக்கொள்வீர்களா என்று தெரியாது.

வடக்கு சிக்கிமில் இருந்தபோது ஒரு லீவு நாளில் எங்களுக்குச் சாமான் ஏற்றிவருகிற பெரியவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். வெளியே பனி. மூங்கில் குவளை ஒன்றைக் கையில் கொடுத்தார், உள்ளே நிறைய ஏதோ தானியம், மேலே வெந்நீர் ஊற்றினார், ஒரு மூங்கில் குழாயைச் செருகி உறிஞ்சு என்றார். தோங்பா என்று பெயர். குழாயின் அடி மூடியிருக்கும், பக்கவாட்டில் சின்னக் கீறல், அதனால் தானியம் வாய்க்கு வராது. சூடாக, லேசான புளிப்பு, லேசான இனிப்பு. தீர்ந்ததும் மறுபடி வெந்நீர், மறுபடியும். மூன்று நாலு முறை வரை சாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். பீர் என்றால் சில்லென்று இருக்கவேண்டும் என்று 20 வருடம் நம்பினவன் நான்.

என்ன தானியம் என்று கேட்டேன். கோதோ என்றார். வரகைத்தான் வடக்கே அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்து, குவளைக்குள் விரல் விட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தால், உருண்டையாக, செம்பழுப்பாக, சந்தேகமே இல்லை, கேழ்வரகு. நேபாளி பேச்சில் கேழ்வரகுக்குப் பெயர் அது. எங்கள் அம்மா களி கிண்டுகிற அதே கேழ்வரகு. அதை வேகவைத்து ஆறவிட்டு, மர்ச்சா என்று ஒரு மாவு வில்லையைப் பொடித்துப் போட்டு, மூடிப் புளிக்க வைக்கிறார்கள். 2,500 கிலோமீட்டர் தாண்டி வந்து நம் வீட்டுத் தானியத்தைக் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழும் முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பதுதானே. அந்தப் புளிப்பு மூக்கில் ஏறியதும் பனியையும் மீறி ஊர் தெரிந்தது.

பெரியவரிடம் எங்கள் ஊரிலும் இது விளையும், ஆனால் நாங்கள் இப்படிச் செய்வதில்லை என்றேன். பின்னே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார், உண்மையான ஆச்சரியத்தோடு. களி என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு இந்தி போதவில்லை.

பாகாயம் டு டப்ளின்:

ஹவில்தார் அண்ணா, இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு போன் பண்ணி கேழ்வரகு மாவு பார்சல் அனுப்பச் சொன்னேன். களிக்குத்தான்.

மேல்விஷாரம் பாய்:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் குடிக்காதவன், குடித்ததும் இல்லை, இந்த இழையில் எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஜித்தாவில் 11 வருடம் இருந்தேன். அங்கே முளைகட்டிய பார்லியில் செய்த, போதையில்லாத மால்ட் பானம் எல்லாக் கடையிலும் இருக்கும், பார்பிகன், மௌசி. மாதுளை, பீச், ஆப்பிள் எல்லாம் வரும், நான் பழம் கலக்காத வெறும் மால்ட்தான் குடிப்பேன். முதல் தடவை ரொட்டி வாசனை அடித்து முகம் சுளித்தேன். பிறகு வியாழக்கிழமை ராத்திரி ரூமில் பாய் விரித்து, கப்ஸா சோறு நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு பாட்டில், அதுதான் எங்கள் பார்ட்டி. அந்தக் காலத்தில் அங்கே வியாழன், வெள்ளிதான் லீவு. 2013-க்குப் பிறகு வெள்ளி, சனி ஆக்கிவிட்டார்கள்.

ஊருக்கு வரும்போது மூத்த மச்சானுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தேன். அவர் பாட்டிலின் வடிவத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள்ளேயே விடவில்லை. லேபிளை அரபியில் படித்துக் காட்டியும் நம்பவில்லை. வாசல் திண்ணையில் வைத்து நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் குடித்துத் தீர்த்தோம். ருசி? சத்தியமாக ஜித்தாவில் இருந்த மாதிரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், ஜங்ஷன் தம்பி, போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காட்பாடி ஜங்ஷன்:

பாய், வ அலைக்கும் ஸலாம். ஜெர்மனியிலும் ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் ரொம்பப் பிரபலம், ஓட்டப் பந்தயம் முடிந்தவர்கள் அதைத்தான் குடிப்பார்கள். ஆனால் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அங்கே 0.5 சதவீதம் வரை இருந்தாலும் ஆல்கஹால் இல்லாதது என்றே எழுதலாம். முழு பூஜ்யம் வேண்டும் என்றால் 0.0 என்று தனியாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கவேண்டும். எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் தெரியாமல் குடித்துவிட்டு ரொம்ப வருத்தப்பட்டார்.

தண்ணியில்லாத ஆறு:

எல்லாரும் பார்லி, கோதுமை, கேழ்வரகு என்று பேசுகிறீர்கள், கள்ளை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்கள் தாத்தா காலத்தில் பனையிலிருந்து இறக்கினதும் காலையிலேயே குடிப்பார்களாம். 1987-இலிருந்து தமிழ்நாட்டில் கிடையாது, கேரளாவில் உண்டு, ஆந்திராவில் உண்டு. காட்பாடியிலிருந்து சித்தூர் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சட்டம் மாறிவிடுகிறது, பனைமரம் மாறுவதில்லை.

ஆரணி அரிசி:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒரு பீர் இருக்கிறது. யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. கொதித்த சாற்றை அகலமான தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள், காற்றில் இருப்பதும் பீப்பாய்க் கட்டையில் இருப்பதும் தானாக வந்து புளிக்க வைக்கும். அதை வருடக்கணக்கில் ஊறவைத்து, பழையதையும் புதியதையும் கலந்து, ஷாம்பெயின் மாதிரி கார்க் அடித்து விற்கிறார்கள். பெல்ஜியத்து பீர்ப் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. கள்ளிலும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை, பானையில் ஒட்டியிருப்பதும் காற்றில் வருவதும்தான். வேலை ஒன்றுதான், கள் ஒரு நாளில் காடியாகிவிடும், லாம்பிக் மூன்று வருடம் நிற்கும். நான் முதல் தடவை லாம்பிக் குடித்தபோது பாலக்காட்டில் குடித்த சாயங்காலக் கள் நினைவு வந்தது. கூட இருந்த பெல்ஜியக்காரரிடம் சொன்னேன், அவருக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

குடியாத்தம் லுங்கி:

அங்கே தொட்டியைத் திறந்து வைத்தால் பண்பாடு. இங்கே பானையைத் திறந்து வைத்தால் கேஸ்.

காட்பாடி ஜங்ஷன்:

மக்களே, அரிசி தம்பி சொன்னதை மனதில் வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஒரே கம்பெனி, ஒரே நாள் காய்ச்சின லாகர் மூன்று பாட்டில், தேதி பார்த்து வாங்கினேன். ஒன்றை நேராக ஃப்ரிட்ஜில், ஒன்றை அதே பீரோவில், ஒன்றை மொட்டைமாடிச் சுவரோரம் வெயிலில். நாலு நாள். பிறகு மூன்றையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து, ஃப்ரீசர் பக்கமே போகாமல், எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மச்சானிடம் எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன். வெயில் பாட்டிலை மோந்து பார்த்ததுமே கீழே வைத்துவிட்டான். மற்ற இரண்டில் ஃப்ரிட்ஜில் இருந்ததைக் காட்டி, இதுதான் மாமா உன் ஜெர்மனி பீரா, இப்போ நல்லா இருக்கே என்றான்.

ஒன்று கவனித்தேன், ரொம்பச் சில்லென்று இருக்கும்போது மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கொஞ்சம் ஆறின பிறகுதான் ஒவ்வொன்றாக முகத்தைக் காட்டியது. நாம் ஏன் பல்லுக் கூசுகிற குளிரில் குடிக்கிறோம் என்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ, மே மாதத்து லாரியில் என்ன பட்டு வந்தது என்று நாக்குக்குத் தெரியாமல் இருக்க.

அப்புறம் ஹவில்தார் ஐயா, பாய், லுங்கி எல்லாரும் எழுதினதைப் படித்த பிறகு கொலோனில் எனக்குப் பிடித்தது பீரா, கேட்காமல் வந்து ஊற்றின அந்த மனுஷனா என்று சந்தேகம் வந்துவிட்டது. மச்சான் அப்படி ஊற்றமாட்டான், அவன் பங்கில் குறைந்துவிடும்.

காலி பாட்டிலைப் பற்றியும் ஒன்று. ஜெர்மனியில் பீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 8 சென்ட், டின் என்றால் 25 சென்ட், சூப்பர் மார்க்கெட்டில் மெஷினுக்குள் தள்ளினால் சீட்டு வரும். நம் ஊரிலும் 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள், காட்டு விலங்குகள் காலில் கண்ணாடி குத்துகிறது என்று கோர்ட்டு சொல்லி. பாலாற்று மணலில் நடந்து பார்த்தால் நமக்கும் அது எவ்வளவு தேவை என்று தெரியும்.

பாகாயம் டு டப்ளின்:

அந்த 11 கோடு போட்ட அட்டை என்ன ஆச்சு தம்பி, சொல்லவே இல்லையே.

காட்பாடி ஜங்ஷன்:

அம்மா எடுத்துக்கொண்டார்கள் அக்கா. மோர் டம்ளருக்கு மூடி. ஈ விழாமல் இருக்கக் கச்சிதமான அளவாம்.

தண்ணியில்லாத ஆறு:

கிளாஸ் மேல் அட்டையை வைத்தாயிற்று. கொலோன்காரன் பார்த்திருந்தால் பில்லை நீட்டியிருப்பான்.

ஆரணி அரிசி:

இந்த வாரம் கேழ்வரகு சேர்த்து ஒரு சின்னத் தொட்டி போட்டிருக்கிறேன், ஹவில்தார் ஐயா எழுதினதைப் படித்த கையோடு. எப்படி வரும் என்று சொல்ல முடியாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். வருகிறவர்கள் சொல்லுங்கள். காட்பாடியில் காலை பிருந்தாவன் ரயில் பிடித்தால் மத்தியானம் பெங்களூரு, மறுநாள் லால்பாக் ரயிலில் திரும்பலாம், வண்டி எதுவும் எடுத்துக்கொண்டு வரவேண்டாம். பாய், உங்களுக்குப் புளிக்க வைக்காத மால்ட் சாறு தனியாக எடுத்து வைக்கிறேன்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:

நான் வருகிறேன். சூடாகத்தானே கொடுப்பீர்கள்?